தோற்றுக்கொண்டே இருக்கும் இளம் அணி: பருவம் முடிந்தபின் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: முத்தியால்பேட்டை மாமா (புதுச்சேரி)

வணக்கம். என் அக்காவின் குடும்பம் நெடுநாளாகச் சிகாகோவில் வசிக்கிறது. அக்கா மகனுக்கு இப்போது பதினான்கு வயது. வாரம் ஒருமுறை அழைத்துச் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்பதோடு முடிந்துவிடும் பேச்சு எங்கள் இருவருக்குமே அலுத்துப்போனதால், அவனுக்கு உயிராக இருக்கும் பேஸ்பால் விளையாட்டை நானும் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அவன் வீடு நகரத்தின் தென்பகுதியில் இருப்பதால், அவனுடைய அணி சிகாகோ ஒயிட் சாக்ஸ். அதுவே என் அணியும் ஆகிவிட்டது. அங்கே மாலை 6.40 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் விடியற்காலை 5.10 மணிக்கு வரும். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடக்கப் போவது என் வழக்கம். நடந்து திரும்புவதற்குள் தோல்விச் செய்தி வந்திருக்கும்.

மூன்று பருவங்களாக இதுவே நிலை. 2023இல் 61 வெற்றி, 101 தோல்வி. 2024இல் 41 வெற்றி, 121 தோல்வி. 1901க்குப் பிறகு, அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டமான மேஜர் லீகில் எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலுமாகத் தொடர்ந்து 21 ஆட்டங்களை இழந்தார்கள். ஒவ்வொரு நாளும் தோல்வியைப் பார்த்தபின்தான் அக்கா மகன் தூங்கப் போனான். 2025இல் வில் வெனபிள் புதிய மேனேஜராக வந்தார். அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீகிலிருந்து இளைஞர்கள் பலர் மேலே அழைக்கப்பட்டார்கள். அப்படியும் 60 வெற்றி, 102 தோல்வி என்றுதான் பருவம் முடிந்தது.

அதே நகரத்தின் வடபகுதியில் இருக்கும் கப்ஸ் அணி 2025இல் 92 ஆட்டங்களை வென்றது. பள்ளியில் இவனுடைய நண்பர்கள் பெரும்பாலும் அந்த அணிக்காரர்கள். சென்ற வாரம் இவன், "மாமா, நாம் அணியை மாற்றிக்கொண்டால் தப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. இளம் அணி, பொறுத்திருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் பொறுப்பது, எதை நம்பிப் பொறுப்பது என்பதை யாரும் விளக்குவதில்லை.

நம் புதுச்சேரி அணி 2018-19இல் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியபோது துத்திப்பட்டு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தவன் நான். புதிய அணியின் தடுமாற்றம் எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அங்கே ஒரு பருவத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். இங்கே ஆறு மாதத்தில் 162. இவ்வளவு தோல்விகளுக்கு நடுவில் ஒரு அணி வளர்கிறதா, வெறுமனே தேய்கிறதா என்பதை என்னைப் போன்ற பார்வையாளர் எதைக்கொண்டு அறிவது? இந்த ஆட்டத்தை நெடுநாளாகப் பார்ப்பவர்கள் பொறுமையுடன் விளக்கினால், அந்தப் பையனிடம் உண்மையான பதிலைச் சொல்வேன்.


மறுமொழி: மஞ்சக்குப்பம் பயிற்சியாளர் (கடலூர்)

வணக்கம் ஐயா. உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பள்ளி மாணவிகளுக்கு சாஃப்ட்பாலும் மாணவர்களுக்கு பேஸ்பாலும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் தோல்விக்கு உள்ள எடை வேறு. 2023இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 101 ஆட்டங்களை வென்று, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் தன் லீகிலேயே மிகுந்த வெற்றி பெற்ற அணியாக நின்றது. அந்த அணியும் 61 முறை தோற்றது. ஆகவே தோற்றார்களா என்ற கேள்வி பெரிய பயன் தராது. தோற்ற மறுநாள் யாரை அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து எறியும் தொடக்க பிட்சருக்குப் பெரும்பாலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை முறை வரும் என்பது தங்களுக்குத் தெரியும். ஓர் இளைஞன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஆறு ஓட்டங்களைக் கொடுத்து வெளியேறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிக்குப் போராடும் அணியாக இருந்தால், அடுத்த முறை அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இவன் மைனர் லீகுக்கு அனுப்பப்படுவான். தோற்கும் அணியால் மட்டுமே அதே இளைஞனிடம் ஐந்தாம் நாள் மறுபடியும் பந்தைக் கொடுக்க முடியும். இளம் அணியின் தோல்விப் பருவத்தில் மதிப்புள்ளது என்று ஒன்று இருக்குமானால், அது இந்த வாய்ப்புதான்.

1988இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் டாம் கிளாவின் என்ற 22 வயது இடக்கைப் பிட்சர் இருந்தார். அணி 54 ஆட்டங்களை வென்று 106இல் தோற்றது. இந்த ஆட்டத்தில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்; அந்தக் கணக்கில் கிளாவின் 7 வென்று 17 தோற்றார். அவருடைய லீகில் அந்த ஆண்டு அவரைவிட அதிகமாகத் தோற்றவர் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் 34 முறை அவரிடம்தான் புதுப் பந்தைக் கொடுத்தார்கள். 1991இல் அவர் 20 ஆட்டங்களை வென்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு கடைசி இடத்தில் இருந்த அணி அந்த ஆண்டு 94 வெற்றிகளுடன், கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை சென்றது. 1995 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, 1-0 என்ற கணக்கில் அட்லாண்டாவுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தவரும் அவரே. மொத்தம் 305 வெற்றிகள். அந்த 17 தோல்விகளின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் அவரை நிறுத்திவிட்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

கிரெக் மேடக்ஸ் 1987இல் தங்கள் மருமகனின் நண்பர்கள் கொண்டாடும் அதே கப்ஸ் அணியில் இருந்தார். கப்ஸ் அந்த ஆண்டு கடைசி இடம். அவர் 6 வென்று 14 தோற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.61 ஓட்டங்கள் கொடுத்தார். மறு ஆண்டு 18 வெற்றி. இவற்றைவிட எனக்கு நெருக்கமானவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பாப் ஃப்ரெண்ட். 1952இல் அந்த அணி 42 வென்று 112 தோற்றது. ஃப்ரெண்ட் தாமும் 7 வென்று 17 தோற்றார். 1955இலும் அணி கடைசி இடம்தான். ஆனால் அந்த ஆண்டு அவருடைய லீகிலேயே ஒன்பது இன்னிங்ஸுக்கு மிகக் குறைந்த ஓட்டங்கள், அதாவது 2.83 மட்டும், கொடுத்தவர் அவர். கடைசி இடத்து அணியிலிருந்து ஒருவர் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை. 1960இல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றபோது அவர் 18 ஆட்டங்களை வென்றிருந்தார். அப்படியும் அவருடைய வாழ்நாள் கணக்கு 197 வெற்றி, 230 தோல்வி. அந்தக் கணக்கை மட்டும் படிப்பவர் அவரைத் தோற்றவர் என்றே எண்ணிக்கொள்வார்.

என் வாழ்வில் நடந்த ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு மாவட்டப் போட்டி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை பிட்சராக இறக்கினேன். முதல் இன்னிங்ஸிலேயே தொடர்ந்து நான்கு வாக் கொடுத்தாள், அதாவது தவறான பந்துகளால் நான்கு பேரை அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகவிட்டாள். கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. உடனே அவளை மாற்றினேன். அந்த ஆட்டத்தை வென்றோம். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவளை நான் பந்து எறிய விடவில்லை. மறு ஆண்டு அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் படிக்கச் சொல்கிறார்கள் என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அந்த வெற்றிக்கான கேடயம் இன்று எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு நினைவில்லை. அவள் பந்தைத் திருப்பித் தந்துவிட்டுத் தலைகுனிந்து வெளியே போனது மட்டும் நினைவில் இருக்கிறது.

ஆகவே தங்கள் மருமகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள். ஷேன் ஸ்மித் என்ற பிட்சர் 2024 டிசம்பரில் மில்வாக்கி அணியின் மைனர் லீக் அமைப்பிலிருந்து சிகாகோவுக்கு வந்தார். 'ரூல் 5' என்ற முறையில் எடுக்கப்பட்டவர். அந்த முறைப்படி எடுக்கப்படுபவரைப் பருவம் முழுவதும் மேஜர் லீக் அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கீழே அனுப்ப நினைத்தால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாதவருக்கு ஓர் ஆண்டு முழுவதும் இடம் ஒதுக்கக் கடைசி இடத்து அணிக்குத்தான் துணிவு வரும். 2025இல் அவர், அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பைரேட்ஸ் அணி கடைசி இடத்தில் இருந்த 1954ஆம் ஆண்டின் இறுதியில், ராபர்ட்டோ கிளெமெண்ட்டே என்ற இருபது வயது இளைஞரை டாட்ஜர்ஸ் அமைப்பிலிருந்து எடுத்ததும் இதே விதியின்படிதான்.


மறுமொழி: லாஸ்பேட்டை கணக்கர் (புதுச்சேரி)

பயிற்சியாளர் ஐயா எழுதியது மனிதர்களைப் பற்றியது. நான் கணக்குப் பக்கத்தை மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன், ஏனெனில் கேள்வி கேட்டவர் 2023ஐயும் 2025ஐயும் ஒரே தரத்தில் வைத்துவிட்டார்.

ஓர் அணி எடுத்த ஓட்டங்களுக்கும் கொடுத்த ஓட்டங்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழப் பத்து ஓட்டங்கள் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இந்த ஆட்டத்தில் பழகிய கைக்கணக்கு. 162 ஆட்டங்களில் பாதியான 81லிருந்து தொடங்கிக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். 2023இல் சிகாகோ எடுத்ததைவிட 200 ஓட்டங்கள் கூடுதலாகக் கொடுத்தது. 81லிருந்து 20 போனால் 61. வென்றதும் 61. 2024இல் எடுத்தது 507, கொடுத்தது 813, இடைவெளி 306. கைக்கணக்குப்படி ஏறத்தாழ 50 வெற்றிகள் வந்திருக்க வேண்டும், வந்தவை 41. 2025இலோ இடைவெளி நூற்றுக்கும் குறைவு. முந்திய ஆண்டைவிட நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் கூடுதலாக எடுத்தார்கள். கைக்கணக்கு எழுபதுக்குச் சற்று மேல் சொல்கிறது. கிடைத்தவை 60 மட்டுமே.

இதன் பொருள், 2023இன் அணி தன் தகுதிக்கு ஏற்பத் தோற்றது. 2025இன் அணி நூலிழையில் கைவிட்டவற்றால் தோற்றது. கடைசி இன்னிங்ஸ்களில் வரும் பிட்சர்கள் வலுவில்லாத அணிக்கு இப்படித்தான் நடக்கும். ஏழாவது இன்னிங்ஸோடு கேள்வியாளர் நடக்கப் போய்விடுவதால், ஆட்டம் கைமாறுகிற அந்த இடத்தையே அவர் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இனி நடையைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2003இல் டெட்ராய்ட் டைகர்ஸ் 591 ஓட்டங்களை எடுத்து 928 கொடுத்தது. கைக்கணக்குப்படி 47 வெற்றிகள், வந்தவை 43. அங்கே நல்ல காலம் கெட்ட காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அணி அவ்வளவு மோசம். அப்படியிருந்தும் மூன்றே ஆண்டுகளில், 2006இல், 95 ஆட்டங்களை வென்று உலகத் தொடரில் ஆடியது. ஒரு பருவத்தின் கணக்கு அந்தப் பருவத்தைத்தான் விளக்கும், வரப்போவதைச் சொல்லாது.


மறுமொழி: திருப்பாதிரிப்புலியூரான் (கடலூர்)

இருவர் எழுதியதையும் மதிப்புடன் படித்தேன். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு உண்மையான பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் மறுபக்கமும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

தோல்வி பள்ளிக்கூடம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். 1962இல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் மெட்ஸ் முதல் ஒன்பது ஆட்டங்களையும் தோற்று, பருவ முடிவில் 40 வெற்றி, 120 தோல்வியுடன் நின்றது. ஏழு ஆண்டுகள் கழித்து 1969இல் உலகத் தொடரை வென்றது. இதை எல்லோரும் நெகிழ்ச்சியுடன் சொல்வார்கள். ஆனால் 1969 உலகத் தொடரில் ஆடியவர்களில் 1962இன் அணியிலும் இருந்தவர் எட் கிரேன்பூல் ஒருவர்தான். அவரும் 1962இல் பதினேழு வயதுப் பையனாக மூன்றே ஆட்டங்களில் தலைகாட்டியவர். அந்த ஆண்டு 24 ஆட்டங்களில் தோற்ற ராஜர் கிரெய்கும் 20இல் தோற்ற அல் ஜாக்சனும் அந்தக் கோப்பைத் தொடரில் ஆடவில்லை. தோற்றவர்கள் வேறு, வென்றவர்கள் வேறு. டெட்ராய்ட்டும் அப்படியே. 119 தோல்விகளுக்குப் பிறகு, புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004இல் இரண்டாவது இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தவர் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர். 2006இல் 17 ஆட்டங்களை வென்று அணியைத் தூக்கியவர்களுள் முதன்மையானவர் அவர். 2003இல் தோற்றவர்கள் கற்ற பாடத்தால்தான் 2006 வந்தது என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது பணம். 2025இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,60,000 டாலர். ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் மேஜர் லீகில் ஆடி முடித்த பிறகுதான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெறுகிறார். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே ஆடுகிறார். பருவத்தில் 172 நாட்கள் அணியில் இருந்தால்தான் ஓராண்டு என்று கணக்கு. அதனால் யாரை எந்த வாரத்தில் மேலே அழைப்பது என்பதிலேயே கணக்கு நுழைகிறது. ஆகவே இளம் அணி என்பது பல நேரங்களில் மலிவான அணி என்பதன் மறுபெயர். மைனர் லீகில் நிலைமை இன்னும் கடினம்: 2023இல் வீரர்கள் சங்கத்தின் ஒப்பந்தம் வந்த பிறகும், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள் ஏ நிலையில் அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் 35,800 டாலராகத்தான் இருந்தது.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்களில் தோற்றது. கடைசிப் பதினைந்து ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்று 2013ஐ முடித்தார்கள். 2017இல் கோப்பையை வென்றார்கள். எந்தப் பந்தை எறிவது என்று பிட்சருக்கு எதிரணிக் கேட்சர் காட்டும் சைகைகளை கேமரா வழியாகத் திருடியது 2020 ஜனவரியில் உறுதியாகி, அந்தக் கோப்பையும் கறைபட்டது. பயிற்சியாளர் ஐயா மெச்சும் பொறுமை அங்கேயும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஜே.டி. மார்ட்டினெஸ் தன் பேட்டிங் முறையை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, 2014 மார்ச்சில் அவரை விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு டெட்ராய்ட்டில் 23 ஹோம் ரன்களும், மறு ஆண்டு 38ம் அடித்தார்.

தோற்றால் நல்ல இளைஞன் கிடைப்பான் என்ற ஆசையைத் தடுக்க, 2022 டிசம்பரிலிருந்து டிராஃப்டின் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வைத்தார்கள். சிகாகோ இதில் பட்ட பாடு பெரிது. 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றும், முந்திய ஆண்டே குலுக்கல் வழியாக இடம் பெற்ற பெருநகர அணி என்பதால், 2025 குலுக்கலில் சேரவே அதற்குத் தகுதியில்லாமல் போய், பத்தாவது இடத்தில்தான் ஆள் எடுக்க முடிந்தது. அந்த 121 தோல்விகளையும் நேரில் பார்த்த மக்களுக்கு என்ன மிஞ்சியது? அந்த ஆண்டின் சிறந்த பிட்சர் காரெட் குரோஷே. 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர். அவரையும் டிசம்பரில் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கினார்கள்.

பைரேட்ஸ் அணி 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகமாகக் கண்டது. 2008இல் ஈட்டி எறிந்து பழகிய நம் நாட்டு இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஒப்பந்தமானது அந்த அணியுடன்தான். அந்த இருபது ஆண்டுகளிலும் ஒவ்வொரு வசந்தத்திலும் இளம் அணி என்ற சொல்லைக் கேட்டே ஒரு தலைமுறைக் குழந்தைகள் பெரியவர்களானார்கள். பொறுமை நல்லதுதான். ஆனால் அதை ரசிகரிடம் மட்டும் கேட்கக் கூடாது.


மறுமொழி: உப்பளத்திலிருந்து (புதுச்சேரி)

பேஸ்பால் நுணுக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கபடிக்காரன் நான். நம் தமிழ் தலைவாஸ் அணி 2017இல் புரோ கபடியில் நுழைந்தது முதல் பட்டதை நினைத்துப் பார்க்கிறேன். 2019இல் ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர் என்று பெயர்பெற்ற மூத்தவர்களைச் சேர்த்தும் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்தோம். 2022இல் பெரும் விலை கொடுத்து எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியேறியபோது எல்லாம் முடிந்தது என்று வருந்தினோம். நரேந்தர் போன்ற இளம் ரெய்டர்கள் மீது முழுச் சுமையும் விழுந்தது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனோம். மூத்தவர்களோடு தோற்பதற்கும் இளையவர்களோடு தோற்பதற்கும் பார்ப்பவர் மனத்தில் வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் நாளை என்ற ஒன்று தெரியவே தெரியாது.


மறுமொழி: மஞ்சக்குப்பம் பயிற்சியாளர் (கடலூர்)

திருப்பாதிரிப்புலியூர் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. மெட்ஸ் பற்றி அவர் எழுதியதை நான் முன்பு இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். அணி என்ற பெயருக்குப் பாடம் எதுவும் ஏறுவதில்லை. பாடம் ஆளுக்குத்தான் ஏறும், அந்த ஆள் அங்கேயே நீடித்தால்தான் அணிக்கு அதனால் பயன்.

ஆனால் டெட்ராய்ட்டில் எல்லோரும் வந்துபோனவர்கள் அல்லர். ஜெரமி பாண்டர்மன் 2003இல் இருபது வயதில் 6 வென்று 19 தோற்றார். இருபதாவது தோல்வி என்ற பாரம் அந்த வயதில் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று, பருவத்தின் இறுதியில் மேனேஜர் ஆலன் டிராமெல் அவரைத் தொடக்க வரிசையிலிருந்து விலக்கிவைத்தார். முறை தவறாமல் பந்தைக் கொடுத்ததும் சரி, கடைசியில் ஓய்வு கொடுத்ததும் சரி, இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து வந்தவை என்றே நான் நம்புகிறேன். 2006இல் அதே பாண்டர்மன் அதே அணிக்காக 14 ஆட்டங்களை வென்றார். 2003இல் தடுமாறிய பிராண்டன் இஞ்ச் 2006இல் மூன்றாவது பேஸில் நின்றார். அந்த 2003 அணியே பருவத்தின் கடைசிக்கு முந்திய நாளில் 8-0 என்று பின்தங்கி, பிறகு 9-8 என்று வென்றது. மறுநாளும் வென்று 119 தோல்வியோடு நிறுத்திக்கொண்டது. அந்த இரு நாட்களில் ஆடியவர்களுக்குக் கோப்பை எதுவும் காத்திருக்கவில்லை.

சிகாகோவுக்கு வருவோம். குரோஷேயைக் கொடுத்து வாங்கிய நால்வரில் ஒருவர் கேட்சர் கைல் டீல். 2025 ஜூனில் மேலே வந்தார். ஜூலை 4 அன்று வந்த ஷார்ட்ஸ்டாப் கோல்சன் மாண்ட்கோமெரி 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். இவர்கள் நல்லவர்களா என்று இப்போதே தீர்மானிக்க வேண்டாம். 2026இல் ஏதாவது ஒரு மாதம் இருவரும் அடிக்க முடியாமல் திணறுவார்கள். எல்லா இளைஞர்களுக்கும் அது வரும். அந்த மாதத்தில் மேனேஜர் அவர்களை எந்த வரிசையில் இறக்குகிறார், உட்காரவைத்தால் எத்தனை நாள் உட்காரவைக்கிறார், மறுபடி எப்போது எழுப்புகிறார் என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்ட இடத்தில் ஊதியம் கொடுத்து அனுபவசாலிகளைச் சேர்க்கிறார்களா என்பதையும் பாருங்கள். டெட்ராய்ட் இளைஞர்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, 2004இல் இவான் ரோட்ரிகெஸ் என்ற கேட்சரை ஒப்பந்தம் செய்தார்கள். இளம் பிட்சர்களுக்கு அருகில் அப்படி ஒருவர் வேண்டும். கை நடுங்கும்போது நடந்து வந்து பக்கத்தில் நிற்க ஓர் ஆள்.


மறுமொழி: முத்தியால்பேட்டை மாமா (புதுச்சேரி)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அக்கா மகனிடம் இவை அனைத்தையும் படித்துக் காட்டினேன். திருப்பாதிரிப்புலியூர் நண்பரின் மறுமொழியைத்தான் அவன் இரண்டுமுறை படிக்கச் சொன்னான். பத்தாவது இடம் கிடைத்த செய்தி அவனுக்கு முன்பே தெரியும். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. கிளாவின் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பதினேழு தோல்வியையும் நேரில் பார்த்த யாராவது இருப்பார்கள் இல்லையா, மாமா? 1995இல் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டான்.

அணியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறான். அதில் வெற்றி தோல்விக்குக் கட்டம் கிடையாது. தொடக்க பிட்சரின் பெயர், எத்தனை இன்னிங்ஸ் நின்றார், எத்தனை வாக் கொடுத்தார், அடுத்த முறை அவருக்குப் பந்து எந்தத் தேதியில் வந்தது என்று நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறான். அங்கே முதல் ஆறு இன்னிங்ஸை அவன் குறிப்பான். பள்ளி நாட்களில் அவன் தூங்கப் போனபிறகு மீதியை இங்கே நான் குறிப்பேன். காலை நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன்.